லீலாவதியின் புதல்வியரும் நம் புதல்வியரும்

திருவருகைக் காலத்தின் ஒரு ஞாயிறு மாலை. திருப்பலி முடிந்து, குடில் அமைப்பதற்காக இளைஞர்கள் மூங்கிலும் வைக்கோலும் சுமந்துகொண்டிருந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை அடுத்த நம் பகுதியில் இன்று வயலைக் காட்டிலும் தொழிற்கூடமே மிகுதி. பூந்தமல்லியிலிருந்து திருப்பெரும்புதூர், ஒரகடம் வரை நீளும் அந்தத் தொழிற்பகுதியில் பணிபுரியும் பெண்பிள்ளைகள் பலர் எம் பங்கு மக்கள். அவர்களுள் ஒருத்தி, மின்னணுவியலில் பட்டயப் படிப்பு முடித்தவள், குடில் வேலையைப் பார்த்தபடி நின்ற என்னிடம் வந்து ஓர் ஐயம் கேட்டாள்.

“ஃபாதர், பொம்பளைங்க விரல் இயற்கையாவே சின்னச் சின்ன பாகங்களைக் கோக்கிறதுக்குன்னே அமைஞ்சதுன்னு பயிற்சியில சொன்னாங்க. அதனாலதான் எங்களை லைன்ல உக்கார வைக்கிறாங்களாம், ஆம்பளைங்களை மெஷின் மெயின்டனன்ஸுக்கு அனுப்புறாங்களாம். நான் படிச்சதும் அதே டிப்ளமாதான். இது உண்மையிலேயே சயின்ஸா, ஃபாதர்?”

“விசாரித்துச் சொல்கிறேன் அம்மா” என்று கூறி அனுப்பிவிட்டேன். அப்படிக் கூறுவது குருக்களாகிய எங்களுக்குப் பழக்கமானதுதான். ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. இயற்கையின் பெயரால் ஒன்று சொல்லப்படும்போது அது அறிவியலின் முடிவா, அன்றி நம் வழக்கத்தின் முடிவா என்று பிரித்தறிவது எவ்வாறு? இவ்வினாவோடுதான் “லீலாவதீஸ் டாட்டர்ஸ்” என்னும் ஆங்கில நூலை மீண்டும் கையில் எடுத்தேன். அந்நூலைப் பற்றியும், அது எழுப்பும் சிந்தனைகளைப் பற்றியும், அது எழுப்பாமல் விட்டவற்றைப் பற்றியும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூலும் அதன் பெயரும்

பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் கழகம் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இது. இயற்பியலாளர்களான ரோகிணி கோட்போலேயும் ராம் ராமசாமியும் இதன் தொகுப்பாசிரியர்கள். இந்திய நாட்டுப் பெண் அறிவியலாளர் ஏறத்தாழ நூறு பேரின் வாழ்க்கைக் குறிப்புகள் இதில் இடம்பெற்றுள்ளன. மறைந்தோரைப் பற்றிப் பிறர் எழுதியுள்ளனர். வாழ்ந்துகொண்டிருந்தோர் தம்மைப் பற்றித் தாமே எழுதியுள்ளனர். கோட்போலே அம்மையார் 2024 அக்டோபரில் இயற்கை எய்தினார். அறிவியல் உலகில் பெண்களுக்கு இடம் கிடைக்கவேண்டும் என்பதற்காக இறுதிவரை குரல் கொடுத்த அவருக்கு நன்றி செலுத்தும் வகையிலும் இந்நூலை மீண்டும் வாசிப்பது பொருத்தமே.

நூலின் பெயரே சிந்தனைக்குரியது. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை பாஸ்கரர் தம் எண்கணித நூலுக்கு “லீலாவதி” என்று பெயரிட்டார். லீலாவதி அவருடைய மகள் என்பது மரபு. மணநாளன்று நல்ல வேளையைக் காட்டுவதற்கென வைத்திருந்த நீர்க்கடிகையை அவள் எட்டிப் பார்த்தபோது, அவளுடைய அணியிலிருந்து முத்தொன்று விழுந்து துளையை அடைத்ததாம். வேளை தவறித் திருமணமும் தவறியதாம். அவளைத் தேற்றவே தந்தை அந்நூலை இயற்றினாராம். இக்கதை 1587இல் அந்நூலைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்த ஃபைசி வழியாக நமக்கு வந்தது.

கதை அழகானதே. எனினும் சற்று நின்று நோக்குவோம். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக லீலாவதியின் பெயர் நிலைத்திருக்கிறது. கணக்குகள் அவளை நோக்கித்தான் கேட்கப்படுகின்றன. ஆனால் அவள் சொன்ன விடை ஒன்றேனும் நம்மிடம் இல்லை. நீர்க்கடிகையை எட்டிப் பார்த்த அவளுடைய ஆவல், ஓர் ஆய்வாளருக்கு இருக்கவேண்டிய முதற்பண்பு அல்லவா? கதையிலோ அந்த ஆவலே அவளுடைய குற்றமாகி, அவளுடைய இழப்புக்குக் காரணமாகிறது. தொகுப்பாசிரியர்கள் இப்பெயரைச் சூட்டியது, விடை சொல்லும் வாய்ப்புப் பெறாத அந்தத் தாயின் புதல்வியர் இன்று விடை சொல்கிறார்கள் என்று காட்டவே எனக் கொள்ளலாம்.

வாயிலில் நின்றவர்கள்

நூலில் நம்மவர்க்கு நெருக்கமானவர்கள் சிலர் உள்ளனர். முதலாமவர் தாவரவியலாளர் ஜானகி அம்மாள். 1897இல் தலைச்சேரியில் பிறந்தவர். அவ்வூரின் திரு இருதயக் கன்னியர் பள்ளியில் பயின்று, சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் கற்று, பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். பின்னர்க் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், நாணலுக்கு உறவான காட்டுக் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துக் கலப்பினம் கண்டார். மணமாகாத பெண், அதிலும் பிற்பட்டதாகக் கருதப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்னும் இரட்டைச் சுமை அங்கே அவருக்கு நேர்ந்தது. 1940இல் இங்கிலாந்தில் ஆய்வுப் பணி ஏற்றார். 1945இல் டார்லிங்டனோடு இணைந்து அவர் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விளக்க நூல் உலகெங்கும் புகழ் பெற்றது. 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் புவியின் முகத்தை மாற்றிய வரலாறு பற்றி நடந்த பன்னாட்டுக் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவரே.

அவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்த இடம் மதுரவாயல். நசரத்பேட்டை, பூந்தமல்லி வழியாகச் சென்னைக்குச் செல்லும் நம் பேருந்துகள் நாள்தோறும் கடந்து செல்லும் அதே மதுரவாயல்தான். அங்கிருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவாறே 1984 பிப்ரவரியில் அவர் காலமானார். அவ்வழியே நூற்றுக்கணக்கான முறை சென்றுவந்த எனக்கு இந்நூலைப் படிக்கும்வரை அது தெரியாது. எம் பங்குப் பிள்ளைகளுக்கும் தெரியாது. மேரி கியூரியை அறிந்த நாம் மதுரவாயலின் மூதாட்டியை அறியவில்லை.

இரண்டாமவர் அன்னா மாணி. 1918இல் திருவிதாங்கூர்ப் பீர்மேட்டில் சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத்தோடு தர முன்வந்தபோது, அது வேண்டாம், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்ட சிறுமி. சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபின், 1940இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் சர் சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். தோடாக வேண்டாம் என்ற வைரமே அவருடைய ஆய்வுப் பொருளாயிற்று. ஒளிப்படத் தகட்டில் ஒரு நிறமாலையைப் பதிவு செய்யப் பதினைந்து, இருபது மணி நேரம் தேவைப்படும்; ஆய்வுக்கூடத்திலேயே உறங்கி எழுந்து பணி செய்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு குறித்து அவர் தனித்து எழுதிய ஆய்வுரைகள் ஐந்து 1942 முதல் 1945 வரை வெளிவந்தன. 1945இல் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது.

விதியின் பார்வையில் அது சரியே எனலாம். ஆனால் அவ்விதி எதை அளந்தது? ஆய்வின் தரத்தையா, ஆய்வாளரின் தாளையா? பட்டமின்றியே இங்கிலாந்து சென்று, வானிலைக் கருவிகளில் தேர்ச்சி பெற்று, 1948இல் நாடு திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அதுவரை அயல்நாட்டிலிருந்து வாங்கிய ஏறத்தாழ நூறு கருவிகளை இங்கேயே செய்வதற்கான வரைபடங்களைச் சீர்படுத்தினார். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். 2001இல் காலமானார். கதிரவன் ஒளியும் காற்றும் நம் நாட்டில் எங்கெங்கே எவ்வளவு என்று அவர் அளந்து தந்த ஏடுகள் இன்றைய சூரிய மின்சாரத்திற்கும் காற்றாலைக்கும் அடிப்படையாயின.

மூன்றாமவர் கமலா சோகோனி. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று வந்த அவரை, பெண் என்பதால் ஏற்க இராமன் மறுத்தார். விடாது வாதாடிய பின்னரே, ஓராண்டு தகுதிகாண் காலம் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார். ஆண் மாணவர் எவர்க்கும் அந்நிபந்தனை இல்லை. ஓராண்டுக்குப் பின் அவருடைய உழைப்பைக் கண்டு மனநிறைவு கொண்டு முறையாக ஏற்றார் என்பதையும் சொல்லவேண்டும். 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்ற கமலா, தமக்கு நேர்ந்த அந்த அவமதிப்பை முதுமையிலும் மறக்கவில்லை.

இராமன் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். நாம் போற்றும் மேதை. அவர்மீது பழி சுமத்துவது என் நோக்கமன்று. ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதை உலகில் எவரும் காணாத நுட்பத்தோடு கண்ட கண்கள், தம் அறையின் வாயிலில் நின்ற ஒரு மாணவியின் தகுதியைக் காணத் தயங்கின என்பதே நாம் கவனிக்கவேண்டியது. கூர்மையான அறிவு தன்னிடமுள்ள முற்சாய்வைத் தானே கண்டுகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை.

பாதிக்கப்பட்டோரே மறுத்தால்?

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. அன்னா மாணியின் வாழ்வை ஆராய்ந்த ஆபா சூர், “டிஸ்பர்ஸ்டு ரேடியன்ஸ்” என்னும் தம் 2011ஆம் ஆண்டு நூலில், இராமனின் ஆய்வுக்கூடத்தில் ஆணும் பெண்ணும் உரையாடுவதற்குக்கூடக் கட்டுப்பாடு இருந்ததையும், ஒரு பெண் சிறு பிழை செய்தாலும் அது பெண்ணினத்தின் பிழையாகக் கொள்ளப்பட்டதையும் எடுத்துக்காட்டுகிறார். மாணியோ தம்மைப் பாதிக்கப்பட்டவராகக் கருதவில்லை. பெண் என்பதைப் பெரிதாக்கிப் பேசுவதை அவர் விரும்பவும் இல்லை. அங்ஙனமாயின், அவர் மறுத்த ஒன்றை நாம் அவர்மேல் ஏற்றிச் சொல்வது முறையாகுமா?

நியாயமான வினா. ஒருவரின் சான்றை மதிக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முப்பது ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். மனிதர் தம் தனிப்பட்ட செயல்களையே அறிக்கையிடுவர்; தாம் வாழும் அமைப்பை அறிக்கையிடுவோர் அரிது. நீரில் வாழும் மீன் நீரைப் பற்றிப் பேசுவதில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் பாவத்தின் அமைப்புகள் என்றொரு கருத்தை விளக்கினார். தனி மனிதரின் தவறுகள் காலப்போக்கில் திரண்டு ஓர் அமைப்பாகி, எவர் மனத்திலும் தீய எண்ணம் இல்லாதபோதும் தீமையை விளைவிக்கும் என்பது அதன் சாரம். மாணிக்குப் பட்டம் மறுத்த அதிகாரி அவரை வெறுத்திருக்கவேண்டியதில்லை. விதியே போதுமானதாக இருந்தது. ஆகவே, மாணி எவர்மீதும் குறை கூறாததும் உண்மை. அந்த அமைப்பு குறையுடையது என்பதும் உண்மை.

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் முதல் பெண் பட்டதாரிகளைப் பற்றிய செய்தி ஒன்று இதனை நன்கு விளக்கும். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கைம்மை எய்திய லலிதா, தந்தையின் துணையால் அங்குச் சேர்ந்து 1943இல் மின்பொறியியல் முடித்தார். அவரோடு திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் பொறியியல் பயின்றனர். சான்றிதழில் ஆண்பாலில் அச்சிட்டிருந்த சொல்லை அடித்துவிட்டு, பெண்பாற் சொல்லைக் கையால் எழுதித் தரவேண்டியிருந்தது என அவர்தம் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். அச்சிட்டவர் எவரையும் இழிவுபடுத்த எண்ணவில்லை. பெண் ஒருத்தி வருவாள் என்று எண்ணவே இல்லை, அவ்வளவே.

நான் கற்ற பாடம்

இதுவரை கண்டவை, அறிவியலின் வாயிலில் நின்றவர்களைப் பற்றியவை. “லீலாவதீஸ் டாட்டர்ஸ்” பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகிறது. பெண்ணியச் சிந்தனையாளர்கள் இதற்கு மேலும் ஒரு படி செல்கின்றனர். உள்ளே இருந்தவர் அனைவரும் ஆண்களாகவே இருந்தமையால், கண்டறியப்பட்ட உண்மைகளிலேயே சாய்வு புகுந்துவிட்டதா என்று கேட்கின்றனர். இது அறிவியலின் நேர்மையையே ஐயுறுவது எனச் சிலர் சினம் கொள்வர். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். என் எண்ணத்தை மாற்றியது அறிவியல் நூலன்று. என் இறையியல் பாடமே.

முப்பது ஆண்டுகளுக்கு முன் குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாஸின் இறையியல் தொகுப்பைப் பயின்றோம். பெண்ணின் படைப்பைப் பற்றிய பகுதியில், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கருவுறுதலில் செயலாற்றல் முழுதும் ஆணின் வித்திற்கே உரியது. அவ்வாற்றல் குன்றும்போது குறைபட்ட ஆணாகப் பெண் பிறக்கிறாள் என்ற கருத்தை அவர் ஏற்கிறார். அடுத்து, மனித இயற்கை முழுமையையும் நோக்கினால் பெண் குறைபட்டவள் அல்லள், இறைவனின் திட்டத்தில் உள்ளவளே என்றும் அவர் சேர்த்துச் சொல்வதை மறைத்தல் கூடாது. ஆயினும் முதற்பகுதி முதற்பகுதியே. அக்காலத்தில் அதுவே உயர்ந்த அறிவியல். பாலூட்டிகளின் கருமுட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர் கண்டு சொன்னது 1827இல்தான். அக்குவினாஸ் மறைந்து ஐந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர்.

அன்று எங்கள் வகுப்பில் அப்பகுதியை எவ்வாறு கடந்தோம் என்பது நன்கு நினைவிருக்கிறது. பேராசிரியர் பழைய உயிரியல் என்று ஒரு சொல்லில் முடித்தார், நாங்கள் சிரித்தோம், அடுத்த பக்கத்திற்குச் சென்றோம். அந்த அறையில் பெண் ஒருவரும் இல்லை. ஒரு கன்னியராவது, ஒரு தாயாவது அங்கே அமர்ந்திருந்தால் நாங்கள் சிரித்திருப்போமா? அந்தக் கருத்து எத்தனை நூற்றாண்டு மறையுரைகளில், எத்தனை குடும்பங்களில் என்ன செய்தது என்று கேட்டிருக்க மாட்டோமா? அறையில் யார் இல்லை என்பது, அறையில் எந்த வினா எழவில்லை என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. பெண்ணிய அறிவியல் திறனாய்வின் மையக் கருத்தும் ஏறத்தாழ இதுவே.

பழைய உயிரியல் மறைந்துவிட்டதா? அமெரிக்க மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் எழுதிய ஆய்வுரை ஒன்று, இருபதாம் நூற்றாண்டு மருத்துவப் பாடநூல்களை ஆராய்ந்தது. விந்தணு வீரனைப்போல் போராடி முன்னேறுவதாகவும், கருமுட்டை இளவரசியைப்போல் காத்திருப்பதாகவும் அவை வருணித்தன. விந்தணுவின் முன்னோக்கு விசை மிக மெலிந்தது என்றும், முட்டையின் மேற்பரப்பும் விந்தணுவும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன என்றும் ஆய்வுகள் காட்டிய பின்னரும் அவ்வருணனை எளிதில் மாறவில்லை. அரிஸ்டாட்டில் பாடத்திலிருந்து நீங்கினார்; உவமையில் தங்கிவிட்டார்.

இயற்பியல் பயின்ற ஈவ்லின் ஃபாக்ஸ் கெல்லர் 1985இல் வெளியிட்ட பாலினமும் அறிவியலும் குறித்த நூல் இத்துறையில் முன்னோடி. அதற்கு இரண்டாண்டு முன்னர், மக்காச்சோளத்தின் மரபணுக்கள் இடம் பெயர்வதைக் கண்டறிந்த பார்பரா மெக்ளின்டாக்கின் வரலாற்றை அவர் எழுதினார். 1951இல் மெக்ளின்டாக் தம் முடிவுகளை எடுத்துரைத்தபோது கேட்டோர் பெரும்பாலும் விளங்கிக்கொள்ளவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது. செடி ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்து, அதன் போக்கிலேயே சென்று புரிந்துகொள்வது அவர் வழி. இதனைச் சிலர் பெண்களின் அறிவியல் என்று கொண்டாடினர். கெல்லர் அதனை ஏற்கவில்லை. பெண்ணுக்கென ஓர் அறிவியல் உண்டு என்பது தம் கருத்தன்று, பொறுமையும் உறவுணர்வும் அறிவியல் முழுமைக்கும் உரியவை, அவற்றைப் பெண்மை என ஒதுக்கியதால் இழப்பு அறிவியலுக்கே என்று அவர் தெளிவுபடுத்தினார். கெல்லரின் இந்த எச்சரிக்கை நம்மவர் பலருக்கும் தேவை. பெண்ணின் மென்மையைப் புகழ்ந்தே அவளை ஓரிடத்தில் நிறுத்திவிடும் பழக்கம் நம் மேடைகளிலும் பீடங்களிலும் உண்டு.

ஏரிக்கரையிலிருந்து ஓர் உவமை

அப்படியாயின் உண்மை என ஒன்றில்லையா? பார்ப்பவர்க்கேற்ப உண்மை மாறுமா? சில பெண்ணியவாதிகள் அந்த எல்லைவரை செல்வர். அவர்களோடு என்னால் செல்ல இயலவில்லை. சான்ட்ரா ஹார்டிங் போன்றோர் கூறுவது வேறு: புறவயத்தன்மையைக் கைவிடவேண்டாம், அதை இன்னும் வலுப்படுத்துங்கள்; விளிம்பில் நிற்போர் காண்பதையும் கணக்கில் சேருங்கள் என்பர் அவர்கள்.

செம்பரம்பாக்கம் மக்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. நம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கரையிலுள்ள அளவுகோல் காட்டும் எண் மெய்யானது, ஐயமில்லை. ஆனால் 2015 டிசம்பரில் அடையாற்றுக் கரைக் குடிசையில் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வாசற்படியில் நீர் எத்தனை விரற்கடை ஏறியது என்று அளந்த தாயின் கணக்கும் மெய்யானதே. கரையில் நிற்பவரின் அளவு பொய்யன்று, அது போதுமானதன்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதே வெள்ளத்தை முழுமையாக அறிகிறோம். தாயின் கணக்கைச் சேர்ப்பதால் அளவுகோல் தாழ்வுறாது.

நம் பகுதிக்கே உரிய மற்றொரு சான்று தருகிறேன். ஒரகடத்தில் வாகனங்களை ஆராயும் அரசு ஆய்வு மையம் உள்ளது. இப்பகுதியில் மகிழுந்துகள் இலட்சக்கணக்கில் உருவாகின்றன. வாகனம் மோதினால் உள்ளிருப்போருக்கு என்ன நேரும் என்று அறிய, மனித உருவப் பொம்மைகளை அமர்த்தி மோதவிட்டுச் சோதிப்பது உலக வழக்கம். முன்புற மோதல் சோதனையில் மிகப் பரவலாகப் பயன்படும் பொம்மை 1976இல் அமெரிக்காவில் உருவானது. நடுத்தர உடல்வாகு கொண்ட ஆணின் அளவு அது: ஏறத்தாழ 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை. பின்னர் வந்த பெண் பொம்மையோ ஏறத்தாழ 152 சென்டிமீட்டர், 49 கிலோ. ஆண் பொம்மையைச் சுருக்கிச் செய்தது. சராசரிப் பெண்ணின் அளவில், 162 சென்டிமீட்டரும் 62 கிலோவும் கொண்ட பொம்மையைச் சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் தலைமையிலான குழுவினர் 2022இல்தான் வெளிக்கொணர்ந்தனர்.

விளைவு என்ன? வார்ப்பட்டை அணிந்த பெண் ஓட்டுநர்கள் கடுங்காயம் அடையும் வாய்ப்பு ஆண்களைவிட 47 விழுக்காடு மிகுதி என 2011இல் அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. பெண்கள் சிறிய வாகனங்களை ஓட்டுவதும் இதற்குப் பெருங்காரணம் என 2021இல் மற்றோர் ஆய்வு எடுத்துக்காட்டியது. எனினும் கால் காயங்களில் வேறுபாடு நீங்கவில்லை. இரண்டாம் ஆய்வு முதலாவதைத் திருத்தியது நல்லதே. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ளும் முறை அதுதான். ஆனால் அத்திருத்தம் தொடங்க, பெண்ணின் உடலுக்கு என்ன ஆகிறது என்று எவரேனும் முதலில் கேட்கவேண்டியிருந்தது. ஆண் உடலையே மனித உடல் எனக் கொண்டமையால் அக்கேள்வி பல்லாண்டுகள் எழவில்லை.

நூலின் குறை

இனி, “லீலாவதீஸ் டாட்டர்ஸ்” நூலின் குறைக்கு வருகிறேன். தொகுப்பில் உள்ளோர் பெரும்பாலோர் கல்வியும் வசதியும் வாய்ந்த குடும்பங்களில் பிறந்தோர். ஊக்குவித்த தந்தை, விட்டுக்கொடுத்த கணவர், பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாமியார் என நன்றியுரைகள் பல. நன்றி நல்ல பண்பே. ஆனால் அத்தகைய தந்தை வாய்க்காத பெண்ணின் கதை இந்நூலில் இல்லை. அவள் அறிவியலாளராக ஆகவில்லை, ஆதலால் இல்லை. ஏணியின் உச்சியை அடைந்தோரை மட்டும் கேட்டால், ஏணி உறுதியானது என்றே தோன்றும். மேலும், ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவியவர், மாதிரிகளை எண்ணியவர், விதைகளைத் தரம் பிரித்தவர் ஆகிய பெண்களுக்கும் இங்கே இடமில்லை. அவர்களும் அறிவியலைச் சுமந்தவர்களே. தமிழில் இத்தகைய ஒரு தொகுப்பைச் செய்ய முன்வருவோர் இக்குறையை நீக்குவாராக.

இக்குறையே என்னை அந்தப் பெண்ணின் கேள்விக்கு மீண்டும் அழைத்துச்சென்றது. டயேன் எல்சன், ரூத் பியர்சன் ஆகிய இருவர் 1981இல் எழுதிய கட்டுரை, உலகெங்கும் தொழிற்சாலைகள் பெண்களின் விரல்நுட்பத்தைப் பிறவிக் குணமாகக் காட்டுவதை ஆராய்ந்தது. அவர்கள் கண்ட விடை எளியது. தையல் முதலிய வேலைகளைச் சிறுவயதிலிருந்தே வீட்டில் பழகியதால் வந்த தேர்ச்சி அது. பள்ளியில் கற்றிருந்தால் அதற்குப் பெயர் பயிற்சி; வீட்டில் தாயிடம் கற்றதால் அதற்குப் பெயர் இயற்கை. பயிற்சிக்குக் கூலி உண்டு. இயற்கைக்குக் கூலி இல்லை.

அடுத்த முறை அவளைக் கண்டபோது, “இந்தக் கைவேலை யாரிடம் பழகினாய் அம்மா?” என்று கேட்டேன். “ஆயாகிட்ட ஃபாதர். ஸ்கூல் விட்டு வந்ததும் பூ கட்டுவோம். முழத்துக்கு இவ்வளவுன்னு ஆயா கணக்கு வெச்சிருக்கும்” என்றாள். ஆயாவிடம் கற்ற தேர்ச்சிக்கு விரலின் இயற்கை என்று பெயர் சூட்டியவர் எவரோ, அதை அறிவியல் என்றும் கூறிவிட்டார். “அது சயின்ஸ் இல்லை அம்மா. உன் ஆயா கொடுத்த பயிற்சி” என்றேன். அவள் சிரித்தாள். “அப்ப மெயின்டனன்ஸும் பழகினா வரும்ல?” என்றாள்.

மனத்தாங்கலோடு ஒன்றை ஒப்புக்கொண்டு முடிக்கிறேன். ஓராண்டுக்கு முன் எம் பங்கில் சிறுவர் அறிவியல் கண்காட்சி நடந்தது. பணிகளைப் பிரித்துக் கொடுத்தவன் நான். பையன்கள் மின்கம்பி இணைத்தனர், மோட்டார் ஓட்டினர். பெண்பிள்ளைகள் அழகிய கையெழுத்தில் விளக்க அட்டைகள் எழுதினர். எவரும் குறை கூறவில்லை. எனக்கும் தவறாகத் தோன்றவில்லை. இராமனின் வாயிலைப் பற்றி எழுதும் நான், எங்கள் பங்கு அரங்கின் வாயிலில் அதே செயலைச் செய்திருக்கிறேன். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் பெண்களுக்கு எழுதிய மடலில் திரு அவையின் மக்கள் செய்த தவறுகளுக்காக வருத்தம் தெரிவித்தார். அவ்வருத்தம் உரோமையில் தெரிவிக்கப்பட்டதோடு முடிந்துவிடுவதன்று.

1960களில், தும்பா மீனவ மக்கள் தங்கள் மகதலா மரியா ஆலயத்தை விண்வெளி ஆய்வுக்காக விட்டுக்கொடுத்தனர். அந்த ஏவுதளத்தில் வானிலைக் கருவிகளை நிறுவியவர், முனைவர் பட்டம் மறுக்கப்பட்ட அன்னா மாணி. உயிர்ப்பின் செய்தியை முதலில் கொணர்ந்த மகதலா மரியாவையும் சீடர்கள் உடனே நம்பவில்லை என்பதை நாம் அறிவோம்.

அடுத்த கண்காட்சிக்கான பட்டியலை இம்முறை நான் தயாரிக்கவில்லை. அந்தப் பட்டயப் படிப்புப் பெண்ணையே பொறுப்பேற்கச் சொல்லியிருக்கிறேன். மின்கம்பியையும் விளக்க அட்டையையும் ஒவ்வொரு பிள்ளையும் முறை வைத்துச் செய்யவேண்டும் என்பது அவள் விதித்த முதல் விதி.